சுடர் அணைந்தால் வாயுவும் நிற்க வேண்டும்

(சிக்கலில் ஊராட்சி அங்கத்தினர்களும், சமையற்கூடப் பொறுப்பாளர்களும், விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



கண்மாய் மடை, சாலை, விதை என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று எரிவாயு அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது வீட்டுப் பெண்களின் விஷயமாயிற்றே, இதில் ஊராட்சிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2023 ஆகஸ்டு 25 ஆம் தேதி முதல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அது முதற்கொண்டு நம் ஊர்களில் பொழுது நன்றாக விடியுமுன்பே ஒரு பொது அடுப்பு எரியத் தொடங்குகிறது. அதை ஏற்றுகிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரிகள். சற்று நேரத்தில் அதற்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் நம் குழந்தைகள் தட்டேந்தி வந்து உட்காருகிறார்கள். ஆகவே அந்த அடுப்பு ஊராரின் கவலையே ஆகும்.

நெருப்பை ஆளும் வித்தை உங்களுக்குப் புதிதன்று. நம் பகுதியில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்போர் பலர். மூட்டத்தில் நெருப்பை எப்படி அடக்குகிறோம்? மண் மூடிக் காற்றை அடக்குகிறோம். வேண்டிய இடத்தில் துளையிட்டு வேண்டிய அளவு விடுகிறோம். காற்று மிகுந்தால் கரி சாம்பலாகும். குறைந்தால் விறகு வேகாமல் நிற்கும். எரிவாயு அடுப்பிலும் கணக்கு அதுவே. 1855 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்தில் பேராசிரியர் புன்சன் என்பவர் தம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு விளக்கைச் செய்வித்தார். வாயு எரியுமுன்பே குழாய்க்குள் காற்றை அதனுடன் கலக்க விட்டால், புகையும் கரியும் இன்றி நீலச் சுடர் வரும் என்பது அதன் தத்துவம். இன்று நம் வீட்டில் உள்ள பர்னர் அதன் பேரப்பிள்ளைதான். நீலம் குறைந்து மஞ்சள் சுடர் மிகுந்து, பாத்திரத்தின் அடி கறுத்தால், காற்று போதவில்லை என்று பொருள். பர்னரில் சோறும் எண்ணெயும் அடைந்திருக்கும். கழற்றிக் கழுவிக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விறகடுப்புக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லவே இத்தனை பீடிகை. விறகடுப்பில் நெருப்பு அணைந்தால் புகை வரும், கண் எரியும், அத்துடன் காரியம் முடிந்தது. எரிவாயு அடுப்பிலோ நெருப்பு அணைந்த பிறகுதான் ஆபத்து ஆரம்பமாகிறது. சுடர் போனாலும் திருகு திறந்தே இருக்கிறது. வாயு வந்துகொண்டே இருக்கிறது. புகையும் இல்லை, ஒளியும் இல்லை.

சிலிண்டருக்குள் வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதன் அழுத்தம் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். அதை ரெகுலேட்டர் அடக்கி, ஓரடி உயர நீர் அழுத்தும் அளவுக்குத் தணித்து அடுப்புக்கு அனுப்புகிறது. உள்ளே ஒரு ரப்பர்த் தகடும் ஒரு சுருள்வில்லும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இந்த வேலையைச் செய்கின்றன. அழுத்தம் குறைவென்றாலும் வாயு குறைவன்று. இந்த வாயு காற்றைக் காட்டிலும் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே மேலே போகாமல், மடை திறந்த நீர் போலத் தரையில் பரவி, பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். நாற்றம் காட்டிக்கொடுக்கட்டும் என்றே அதில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆனால் நம் முண்டு மிளகாயை வறுக்கும் வேளையில் எந்த மூக்கு அதை அறியும்? மேலும், ஒரே நாற்றத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கும் அதற்குப் பழகிவிடும்.

இனி, ஏற்றும் முறை. தீக்குச்சியானால் முதலில் குச்சியைக் கிழித்துப் பர்னருக்கு அருகே கொண்டுபோன பிறகே திருகைத் திறக்க வேண்டும். திருகைத் திறந்து வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுவது தவறு. சொல்வதற்கு எளிது, காலை ஐந்தரை மணிக்கு அவசரத்தில் மறப்பதும் எளிது. கையால் அழுத்தும் லைட்டரில் பேட்டரி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1880 இல் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் இருவர், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் பிறப்பதைக் கண்டறிந்தார்கள். லைட்டருக்குள் ஒரு சிறு சுத்தியல் அத்தகைய படிகத்துண்டைத் தட்டுகிறது; பல ஆயிரம் வோல்ட்டு மின்சாரம் ஒரு கணம் எழுந்து பொறியாகத் தாவுகிறது. வாலிநோக்கம் உப்பளங்களிலிருந்து வீசும் காற்று நம் லைட்டருக்கு நல்லதன்று. நுனியில் உப்பீரம் படிந்தால் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும், பொறி வராது. ஐந்தாறு முறை தட்டுவதற்குள் பர்னரைச் சுற்றி வாயு சேர்ந்திருக்கும். இரண்டு தட்டலில் பற்றாவிட்டால் திருகை மூடி, சற்றுப் பொறுத்து, நுனியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் ஏற்றுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றியபோது நடந்ததை ஒளிக்காமல் சொல்லுகிறேன். ஒரு பள்ளிச் சமையற்கூடத்துக்குப் புதிய அடுப்பு வாங்கினோம். கடைக்காரர் அதை ‘ஆட்டோமேட்டிக் அடுப்பு’ என்று சொன்னார். தீக்குச்சி வேண்டாம், திருகைத் திருகினாலே பற்றிக்கொள்ளும். விலைப்பட்டியலில் கையொப்பமிட்டவன் நான். அது தானே ஏற்றிக்கொள்ளும் அடுப்பேயன்றித் தானே நிறுத்திக்கொள்ளும் அடுப்பன்று என்பதை நானும் விசாரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் சாம்பார் பொங்கி வழிந்து ஒரு பர்னர் அணைந்துவிட்டது. சமையல் செய்தவர் அரிசி மூட்டையைப் பிரிக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். ஆடிக்காற்றுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். அவர் திரும்பி வந்து, சுடர் இல்லாததைக் கண்டு, மறுபடியும் ஏற்றத் திருகில் கை வைத்தார். வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, “ஏத்தா, தொடாதே, நாத்தம் அடிக்குது!” என்று கூவிக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்று ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. நான் போய் விசாரித்தபோது அந்தச் சகோதரி என்னைக் கேட்டார்: “தானா எரியுற அடுப்புன்னுதானே ஐயா சொன்னீக? அணைஞ்சா தானா நிக்காதா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. பிறகுதான் படித்தேன், விசாரித்தேன்.

தானாக நிற்கும் அடுப்பும் இருக்கிறது. ‘பிளேம் பெயிலியர் டிவைஸ்’ என்றோ, சுருக்கமாக ‘எப்.எப்.டி.’ என்றோ கடையில் கேட்க வேண்டும். சுடர்க் காவல் என்று நாம் சொல்லிக்கொள்வோம். அதன் வேலை முறை மிகவும் அழகானது. பர்னரின் ஓரத்தில், சுடர் படும் இடத்தில், சிறு ஆணி போல ஒரு கம்பி நிற்கும். அதற்குள் இருவேறு உலோகங்கள் நுனியில் இணைந்திருக்கும். அப்படி இணைந்த இடத்தைச் சூடாக்கினால் சிறிது மின்சாரம் பிறக்கும் என்பதற்கு வழிகாட்டியது 1821 இல் சீபெக் என்ற விஞ்ஞானி செய்த சோதனை. அந்த மின்சாரம் ஒரு டார்ச்சு பேட்டரியின் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. அது கம்பிச் சுருளில் ஓடி ஒரு சிறு காந்தத்தை உண்டாக்குகிறது. வாயு வழியைத் திறக்க அந்தக் காந்தத்துக்குச் சக்தி போதாது. நம் கை அழுத்தித் திறந்து கொடுத்தால், திறந்தபடி பிடித்துக்கொள்ள மட்டுமே போதும். சுடர் அணைந்தால் ஆணி குளிர்கிறது, மின்சாரம் ஒடுங்குகிறது, காந்தம் கை விடுகிறது, சுருள்வில் ஒன்று வழியை அடைத்துவிடுகிறது. சுவரிலுள்ள மின்சாரம் இதற்குத் தேவையில்லை. மின்தடை இருந்தாலும் காவல் நிற்காது.

நம் மாவட்டத்திலேயே வழுதூரில் இயற்கை எரிவாயுவால் மின்சாரம் செய்ய ஒரு நிலையம் நிறுவினார்கள். அத்தகைய பெரிய எந்திரங்களில் சுடரைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கண் போன்ற கருவிகள் வைப்பார்கள். சுடர் மறைந்தால் வாயுவின் வழி உடனே மூடிக்கொள்ளும். ஜப்பானில் 2008 ஆம் ஆண்டு முதல், வீட்டுக்கென விற்கும் இரண்டு மூன்று பர்னர் அடுப்புகளில் சுடர்க் காவல் இருந்தாக வேண்டும் என்று விதித்தார்கள். நம் கடைகளில் சாதாரணமாக விற்கும் அடுப்புகளில் அது இருப்பதில்லை. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் எத்தனையோ ஏழை வீடுகளில் புகையை ஒழித்தது. அது பெரிய நன்மை. வீட்டுக்கு வீடு உடனே அடுப்பை மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. விலை கூடுதல் என்பதை அறிவேன். ஆனால் ஐம்பது குழந்தைகள் உண்ணும் இடத்துக்கு ஊராட்சிப் பணத்திலோ, ஊராரின் நன்கொடையிலோ அடுப்பு வாங்கும்போது, பளபளப்பான கண்ணாடி மேற்பலகைக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தை இதற்குக் கொடுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். கண்ணாடிப் பலகை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த அடுப்பு வந்த இடங்களில் ஒரு புகாரையும் கேட்டிருக்கிறேன். “அடுப்பு பழுது, கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது” என்பார்கள். பழுதில்லை. ஆணி சூடேற ஐந்து முதல் பத்து விநாடி ஆகும். அதுவரை திருகை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் சிலர் திருகில் குச்சியைச் செருகி அழுத்தி வைப்பதும் உண்டு. அது வாசற்காவலனைத் தூணில் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும். நன்றாக அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் ஆணியின் நுனியில் பொங்கிய கஞ்சி கரியாகப் படிந்திருக்கும். அடுப்பு ஆறிய பிறகு மெல்லத் துடைத்துவிடுங்கள். மற்றொன்று: சுடர் அணைந்து காவல் மூடுவதற்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் சிறிது வாயு வெளியேறவே செய்யும். ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தால் அதை இந்தக் காவல் அறியாது. குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றியே தீர வேண்டும்.

காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆடியில் ஒரு திசை, ஐப்பசி கார்த்திகையில் வாடை மறு திசை. சிறு தீயில் வைத்த சுடரைக் காற்று ஊதிவிடுகிறது. அதற்காக ஜன்னலைச் சாத்தினால் சுடர் பிழைக்கும்; ஆனால் கசிந்த வாயு வெளியேற வழியில்லை. ஆகையால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். அடுப்பை இடம் மாற்றுங்கள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர் கோட்டில் அடுப்பு இருக்கலாகாது. மேடைமேல் காற்று வரும் பக்கம் முழங்கை உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு போதும். வாயு கனமானது என்றேன் அல்லவா? நம் சமையற்கூடங்களில் புகை போக மேலே துவாரம் இருக்கிறது, தரையோரத்தில் இருப்பதில்லை. சுவரின் அடியில், எலி நுழையாதபடி கம்பிவலை வைத்து, இரண்டு துவாரம் விடுவது ஒரு கொத்தனாரின் அரை நாள் வேலை.

நாற்றம் வந்துவிட்டால் மின்விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் பொறி உண்டு. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, தெருவில் நின்று 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வாயுவில் கரியமில வாயுவும் கலந்திருப்பதால் சுடர் மந்தமானது, காற்றில் எளிதில் அணையும். சிலிண்டர் அடுப்பை அதற்கு மாட்டினால் ஜெட்டின் துளை போதாது. அதற்கென்றே செய்த பர்னர்தான் வேண்டும். குழாய் வழியில் நுண்ணிய கம்பிவலை ஒன்று வைத்திருப்பார்கள். சுடர் அந்த வலையைத் தாண்டிக் கலனுக்குள் போகாது. 1815 இல் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்குக்குக் கண்ட உபாயம் அது. அடைத்துக்கொள்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடாமல் கழுவி மாட்டுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் இரண்டு அடுப்புகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் காவல் உண்டு, மற்றொன்றில் இல்லை. திறந்த வெளிதான், வேறு நெருப்பும் பக்கத்தில் இல்லை. காவல் உள்ளதை ஏற்றி, ஒரு நிமிடம் எரியவிட்டு, விசிறியால் அணைத்துக் காட்டுகிறேன். உள்ளே ‘டக்’ என்று வாயு அடைபடும் சத்தம் கேட்கும். அதுவரை விநாடிகளை எண்ணுங்கள். சமையல் செய்யும் சகோதரிகள் முதலில் முன்னே வரட்டும். மற்றவர்கள் பிறகு வந்து பார்க்கலாம்.