செம்பு மருந்தாகுமா?



"மார்க் குறைஞ்சதால கெமிஸ்ட்ரிக்கு வந்தேன்ணா" என்று காலையில் ஒரு தம்பி தலைகுனிந்து சொன்னான். இஞ்சினியரான நான் இன்று வேதியியல் பேசுவது அவனுக்காகத்தான்.

பழனியாண்டவர் என்றால் நம்ம எடப்பாடியில் காவடிக் கூட்டம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது, 1982-இல் தொடங்கிய திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த வேதியியல் பேராசிரியர் எம்.பழனியாண்டவரை.

மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் பென்சீன் வளையத்தையே உடைத்துத் தின்னும். அதைச் செய்யும் நொதியின் நடுவில் இருப்பது ஒரு இரும்பு அணு. அதுபோல வேலை செய்கிற சின்னச் சின்ன இரும்புச் சேர்மங்களை அவரும் மாணவர்களும் செய்து பார்த்தார்கள்.

செம்பையும் விடவில்லை. 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், பிளாட்டினச் சேர்மம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். செம்பு உதவுமா? அவர்களுடைய செம்புச் சேர்மங்கள் டி.என்.ஏ.வை வெட்டின, ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களைச் சில சமயம் சிஸ்பிளாட்டினைவிட வீரியமாகவே கொன்றன. மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை. கண்ணாடித் தட்டில் செல் சாவது வேறு, கட்டிலில் நோயாளி பிழைப்பது வேறு. நடுவிலே நீண்ட பாதை.

தம்பி, திருச்சி ஒன்றும் தூரமில்லை. நாமக்கல் வழியாப் போனால் அரை நாள்கூட ஆகாது. ஒருதரம் அந்தத் துறையைப் போய்ப் பாத்துட்டு வாயேன்.