செயற்கைச் செவியும் கைத்திறனும்



நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில், கைத்திறனும் அறிவியலும் ஒன்றுசேரும் ஒரு பணியைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அது செயற்கைச் செவி செய்யும் பணி.

பிறவியிலேயே செவிமடல் அமையாதவர் உண்டு. தீயினாலோ விபத்தினாலோ புற்றுநோயினாலோ அதனை இழந்தவரும் உண்டு. துண்டால் மறைத்துக் கூட்டத்திற்கு அஞ்சி வாழ்வோர் அவர்களுள் பலர். பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட நமக்கு, உருவத்தைக் காட்டி ஒதுக்கப்படுவோரின் வேதனையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, இலண்டனில் வாண்ட்ஸ்வொர்த் இராணுவ மருத்துவமனையில் 1916-இல் தனிப் பிரிவு தொடங்கியவர் பிரான்சிஸ் டெர்வென்ட் உட். அவர் மருத்துவர் அல்லர், சிற்பி. மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து, அதில் வீரருடைய தோலின் நிறத்தைத் தீட்டினார்.

இன்று நம் நாட்டில் பல் மருத்துவத்தின் செயற்கை உறுப்புப் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றோர் இதனைச் செய்கின்றனர். நல்ல செவியையும், இழந்த பக்கத்தையும் முதலில் அச்செடுப்பர். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, மெழுகில் மறுசெவியைச் செதுக்குவர். அதனை நோயாளியின் தலையில் பொருத்தி, உயரமும் சாய்வும் ஒத்துள்ளனவா என்று நோக்குவர். பின்னர்ப் பாரிஸ் சாந்தில் அச்சு அமைத்து, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் சிலிக்கோனை நிரப்புவர்.

நிறம் அமைப்பதே கடினம். மடலின் விளிம்பு ஒரு நிறம். மடிப்பின் உட்புறம் வேறொரு நிறம். நோயாளியை அருகில் அமர்த்திப் பகல் வெளிச்சத்தில் நிறமிகளைச் சிறிது சிறிதாகக் கலப்பர். முடிந்த செவியைப் பசையால் ஒட்டலாம். அல்லது எலும்பில் டைட்டானியத் திருகு பதித்துக் காந்தத்தால் நிறுத்தலாம். பின்னது 1970-களின் இறுதியில் சுவீடனில் வளர்ந்த முறை.

இச்செவி கேளாத காதைக் கேட்கச் செய்யாது. சில ஆண்டுகளில் நிறம் மங்கும். புதிதாகச் செய்ய வேண்டும். ஆயினும் மூக்குக்கண்ணாடி அதில் நிற்கும்; அணிந்தவர் தலைநிமிர்ந்து நடப்பார்.

இளைஞர்களே! மண்ணையும் தோலையும் தொட்டறிந்த நம் முன்னோரின் திறனை இழிவென்றது சமுதாயம். இழிவு திறனில் இல்லை. கல்வியை மறுத்த கொடுமையிலேயே இருந்தது. பழைய தொழிலுக்குத் திரும்புங்கள் என்று நான் கூறவில்லை. கைத்திறனோடு பட்டமும் பெறுங்கள் என்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவம், பல் மருத்துவம் ஆகிய படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. அவ்வாயிலை விட்டுவிடாதீர்கள்.

நம்மைத் தொட மறுத்தவர் வீட்டுப் பிள்ளையும் நம் கை செய்த செவியை அணிந்து நடக்கும் நாள் வரட்டும்!

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!