ஐந்து நிமிடங்களைத் தாண்டும் வலிப்பு

(ஜமாஅத் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வலிப்பு நோய் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். அதன் எல்லாக் கூறுகளையும் விளக்க இந்த அவகாசம் போதாது. எனவே, உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் நிற்காமல் நீடிக்கும் வலிப்பு. அல்லது நினைவு தெளியுமுன்னரே மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு. மருத்துவ உலகம் இதனை ‘ஸ்டேட்டஸ் எபிலெப்டிகஸ்’ என்று அழைக்கிறது. நாம் தொடர் வலிப்பு என்று சொல்லலாம்.

நமது மூளையில் கோடானுகோடி நரம்பணுக்கள் நுண்ணிய மின் அதிர்வுகளால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. தூண்டும் சக்தி ஒன்றும், அடக்கும் சக்தி ஒன்றுமாக இரண்டு அங்கே சமநிலையில் இயங்குகின்றன. தூண்டும் பணியைக் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளும், அடக்கும் பணியைக் காபா என்னும் வேதிப்பொருளும் செய்கின்றன. இச்சமநிலை குலைந்து, பெருந்தொகையான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அதிரும்போது வலிப்பு ஏற்படுகிறது. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியதற்கும் இதுவே காரணம். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்குள், தானாக நிற்க வேண்டிய வலிப்பு நின்றுவிடுகிறது. பெருமை இரும்புக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால், தானாக நிற்காத வலிப்பை எந்த இரும்பும் நிறுத்துவதில்லை. அங்கே வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது.

முன்னர் 30 நிமிடங்கள் நீடித்தால்தான் தொடர் வலிப்பு என்று மருத்துவ நூல்கள் வரையறுத்திருந்தன. 2015ஆம் ஆண்டு, வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவ அமைப்பு அந்த வரையறையைத் திருத்தி, இரண்டு எல்லைகளை வகுத்தது. கை கால்கள் உதறும் வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினால், அது இனித் தானாக நிற்பது அரிது. உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். 30 நிமிடங்களைத் தாண்டினால், மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படலாம். எனவே முதல் எல்லையைக் கண்டதும் செயல்பட வேண்டும். இரண்டாம் எல்லை வரை காத்திருக்கலாகாது.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். வலிப்பு நீள நீள, அடக்கும் காபாவை ஏற்கும் வாயில்கள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. தூண்டும் குளூட்டமேட்டை ஏற்கும் வாயில்களோ பெருகுகின்றன. வலிப்பை நிறுத்த நாங்கள் முதலில் கொடுக்கும் லோரசெபாம், மிடசோலாம், டயசெபாம் ஆகிய மருந்துகள் அந்தக் காபா வாயில்களின் வழியாகவே வேலை செய்கின்றன. தாமதமானால் மருந்து இருக்கும். அது நுழையும் வாயில் குறைந்திருக்கும். அதே நேரத்தில் உடலின் வெப்பம் ஏறுகிறது, மூச்சு தடைப்படுகிறது, இரத்தத்தில் அமிலம் கூடுகிறது, சிதையும் தசைகளால் சிறுநீரகமும் பழுதடையலாம்.

சிகிச்சை மூன்று படிகளாக நடைபெறுகிறது. முதற்படி, நான் குறிப்பிட்ட அந்த மருந்துகள். நரம்பில் ஊசி ஏற்ற இயலாத நிலையில் மிடசோலாமைத் தசையில் போடலாம். ஆம்புலன்ஸிலேயே அவ்வாறு போடுவது, நரம்பில் லோரசெபாம் ஏற்றுவதற்குக் குறைந்ததல்ல என்று 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நிறுவியது. அதற்கும் அடங்காவிட்டால் லெவெடிராசிட்டம், வால்ப்ரோயேட், பாஸ்பெனிடாயின் போன்றவை இரண்டாம் படி. 2019இல் வெளியான ஆய்வொன்றில் இம்மூன்றும் ஏறத்தாழ சமமாகவே பயன் தந்தன; ஆயினும் ஒவ்வொன்றுக்கும் சுமார் பாதிப் பேரிடம்தான் வலிப்பு நின்றது. மீதமுள்ளோர்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம். முதற்படியைக் காலத்தில் எட்டுவதன் அருமை இதிலிருந்து விளங்கும்.

உதறல் நின்றதாலேயே வலிப்பு நின்றுவிட்டது என்று எண்ணவும் கூடாது. சிலருக்கு வெளியே அசைவின்றி மூளைக்குள் வலிப்பு தொடரும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையே அதைக் காட்டித் தரும். நேரமாகியும் நினைவு தெளியாதவரை ‘தூங்குகிறார்’ என்று படுக்க விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. மூளைக்காய்ச்சல், பக்கவாதம், தலைக்காயம், சர்க்கரையோ சோடியமோ மிகக் குறைதல், குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சல் ஆகியன சில. மூளையில் நாடாப்புழுக் கட்டியும் நம் நாட்டில் ஒரு முக்கியக் காரணம். பன்றி இறைச்சி உண்ணாத நமக்கு இது வராது என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் நீரிலும் கழுவாத காய்கறியிலும் கலந்து எவரையும் அடையலாம். கை கழுவுதலும் தூய குடிநீருமே காப்பு.

ஆயினும், ஏற்கெனவே நோயுள்ளவர்களிடம் நாங்கள் அடிக்கடி காணும் காரணம், மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான். ‘ஓராண்டாக வரவில்லை, இனி எதற்கு?’ என்று நிறுத்துவோர் உண்டு. நோன்புக் காலத்தில் மருத்துவரைக் கேளாமலே வேளையை மாற்றுவோரும் உண்டு. இரவுத் தூக்கம் கெடுவதும் அதனுடன் சேர்ந்து வலிப்பைத் தூண்டுகிறது. ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைச் சந்தியுங்கள். சிலருக்கு ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னரும் உட்கொள்ளுமாறு அமைத்துத் தர இயலும். இயலாதவர்களுக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை ஆலிம் பெருமக்கள் எடுத்துரைப்பார்கள்.

மற்றொன்றையும் மனம் திறந்து கூற வேண்டும். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்து நிக்காஹ் முடித்து அனுப்புகிறார்கள். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் மாத்திரையை விடுகிறாள். தொடர் வலிப்பில் வீழ்கிறாள். உதவி செய்ய வேண்டிய வீட்டாருக்கோ அவளது நோயே தெரியாது. மறைப்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சொன்னால் சம்பந்தம் முறியும் என்ற அச்சத்தை அவர்களுக்கு ஊட்டியவர்கள் நாம். முறையாக மருந்து உட்கொண்டால் 100 பேரில் சுமார் 70 பேர் வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. திருமணமும் தாய்மையும் இவர்களுக்கு விலக்கப்பட்டவை அல்ல. கருவுறுமுன் மருத்துவரைக் கலந்து பொருத்தமான மருந்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

இறுதியாக, வலிப்பு கண்டவரிடம் செய்ய வேண்டியவை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தருகே உடையைத் தளர்த்துங்கள். தலைக்கடியில் மென்மையான துணி வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் தண்ணீர், கரண்டி, விரல் எதையும் நுழைக்காதீர்கள். வலிப்பு 5 நிமிடங்களைத் தாண்டினாலும், நினைவு தெளியுமுன் மீண்டும் வந்தாலும், முதன்முறையாக வந்தாலும், கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ வந்தாலும் 108க்கு அழையுங்கள். மருத்துவர் மூக்கில் பீய்ச்சும் மிடசோலாம் எழுதித் தந்திருந்தால், அவர் சொன்ன அளவில் அதைப் பயன்படுத்துங்கள். வீட்டார் அனைவரும் அதன் முறையை அறிந்திருக்க வேண்டும்.

இரும்பைத் தேடும் கை கடிகாரத்தைத் தேடட்டும். நம் மஹல்லாவில் ஓர் உயிர் அதனால் காக்கப்படுமாயின், இக்கூட்டத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.