எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வும் மீனவ மக்களும்: நம் குடியிருப்புக்கு இதில் என்ன?

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூட்டத்தில் வழக்கமாக போர் தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங் பற்றித்தான் பேசுவோம். இன்றைய தலைப்பைக் கேட்டதும் ஒரு நண்பர், "ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிற நமக்கு மீனவர் கதை எதற்கு சார்?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் பதில் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடம் ரத்தப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. "நம் நாட்டுக்கு இது வராது" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இன்று நம் நாட்டில் பெரியவர்களில் சுமார் 0.2 சதவீதம் பேருக்குத் தொற்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக் கரையில், உகாண்டாவின் சில மீனவக் குடியிருப்புகளில் நான்கில் ஒருவருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டின. மீனவர்கள் என்பதால் வந்த நோய் அல்ல அது. அவர்களுடைய வேலை அப்படி. வாரக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து, கரைக்குக் கரை மாறிப் போகிறார்கள். மீன் விற்ற பணம் அன்றன்றே கையில் வருகிறது. ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் தண்ணீரில் இருப்பார்கள். மீன் வாங்கி விற்கும் பெண்கள் நல்ல மீனுக்காகப் படகுக்காரருக்கு உடன்பட வேண்டிய கொடுமையும் அங்கே உண்டு. கென்யாவில் சில பெண்கள் சேர்ந்து சொந்தப் படகு வாங்கி அந்த வழக்கத்தை எதிர்த்தார்கள். லாரி ஓட்டுநர், வெளியூர் கட்டடத் தொழிலாளி என்று யாரை எடுத்தாலும் இதே சூழ்நிலைதான் ஆபத்தைக் கொண்டுவருகிறது.

இந்த மக்களிடம்தான் ஆராய்ச்சியாளர்கள் தடுப்பூசி ஆய்வுக்கு உதவி கேட்டார்கள். தொற்று அதிகம் உள்ள இடத்தில்தான் ஊசி வேலை செய்கிறதா என்று தெரியும். 'பிரெப்வேக்' என்ற ஆய்வில் உகாண்டாவின் மசாகா பகுதி மீனவ மக்களும் சேர்ந்தார்கள். பலன் இல்லை என்று தெரிந்ததால் 2023 இறுதியில் அந்த ஊசி நிறுத்தப்பட்டது.

நம் சென்னையிலும் ஆய்வு நடந்திருக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் ஆரோக்கியமான 32 பேர் தாங்களாக முன்வந்து தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தார்கள். ஊசி பாதுகாப்பானது என்று தெரிந்தது. உண்டான எதிர்ப்புச் சக்தி மிதமாகவே இருந்தது. 2009-இல் சென்னையிலும் புனேயிலும் அடுத்த ஆய்வு நடந்தது.

ஏன் இவ்வளவு கஷ்டம்? தினமும் முகத்தை மாற்றிக்கொண்டு வரும் திருடன், நம் வாட்ச்மேன் அறையிலேயே ஒளிந்துகொண்டால் எப்படிப் பிடிப்பது? இந்த வைரஸ் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும்.

தன்னார்வலர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தடுப்பூசி போட்டுக்கொண்ட சிலருக்கு, தொற்றே இல்லாவிட்டாலும் சாதாரணப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். விவரம் தெரியாத ஊரில் அந்த ஒரு வார்த்தை போதும், பேர் கெட்டுப்போக.

நல்ல செய்தியும் இருக்கிறது. லெனகாபவிர் என்ற ஊசி மருந்து, தடுப்பூசி அல்ல, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். 2024-இல் வெளியான முடிவின்படி, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. தொற்று உள்ளவர்களுக்கு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து இலவசம். தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன், விசைப்படகில் வேலை பார்த்த ஒருவருக்குத் தொற்று உறுதியானது. மனைவியும் குழந்தையும் வாடகை வீட்டில் இருந்தார்கள். மருந்து சாப்பிட்டு அவர் நன்றாகத் தேறிவிட்டார். விஷயம் எப்படியோ வீட்டுக்காரர் காதுக்குப் போக, ஒரே வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். "நோய்க்கு மாத்திரை கிடைச்சுது சார், வீடுதான் கிடைக்கலை" என்றார் அந்த அம்மா. இப்போதும் காதில் ஒலிக்கிறது.

இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பதும் காலி செய்யச் சொல்வதும் தவறு. வேலைக்குச் சேர்க்கும் முன் எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதும் கூடாது. நம் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் அது பொருந்தும்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். வாடகைதாரர் விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிய கேள்வி இருந்தால் நீக்கிவிடுங்கள். யாருடைய நோயைப் பற்றியும் நம் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடக்கூடாது என்று விதி வையுங்கள். 1097 என்ற இலவச உதவி எண்ணை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். பரிசோதனை தேவைப்படுபவர்கள் புத்தூர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். விவரம் ரகசியமாக இருக்கும்.

தடுப்பூசி வர இன்னும் காலம் ஆகலாம். இந்த மூன்றையும் இன்றைய கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றலாம்.