முத்திரைத்தாள் மணவிலக்கு ஆகுமா?

ஊரில் ஒரு குடும்பத்தில் பிணக்கு என்றால் உங்களைத்தான் அழைக்கிறார்கள். நாலு பேருக்குத் தெரிந்தவர், நியாயம் பேசுவார் என்ற நம்பிக்கை. போகிறீர்கள், பேசுகிறீர்கள், சேர்த்துவைக்க இயலவில்லை. பிறகு நடப்பதென்ன? முத்திரைத்தாள் வருகிறது, மூத்தோர் முன்னிலையில் எழுதப்படுகிறது, பெண் கையெழுத்திடுகிறாள், சீர்ப் பாத்திரங்கள் வண்டியேறுகின்றன, தீர்ந்தது என்கிறார்கள்! தீர்ந்ததா? தீரவில்லை, தோழர்களே! அந்தத் தாளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகிறேன்.

மணவிலக்கு நேற்று முளைத்த உரிமையன்று. சென்னை மாகாணம் 1949இலேயே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கு உரிமையும் வழங்கிச் சட்டம் செய்தது. பின்னர் 1955இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன்படி மணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது. நோட்டரி முத்திரையிட்டாலும் ஊரே சாட்சிக் கையெழுத்திட்டாலும் அந்தத் தாள் மணவிலக்கு ஆகிவிடாது.

சில சமூகங்களில் அத்துவிடும் வழக்கம் உண்டே எனக் கேட்பீர்கள். உண்டு, 29ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. ஆனால் அவ்வழக்கம் தொன்றுதொட்டு இடையறாது நிலவுவதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால், தாளை நம்பி மறுமணம் புரிந்தவளின் கதி என்ன? இரண்டாம் மணம் செல்லாது. ஏழாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு! ஆடவனுக்கும் சட்டம் அதுவே. எனினும் ஊர் யாரைத் தூற்றும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

சுயமரியாதைத் திருமணத்துக்கு இது பொருந்தாது என்று நம்மவரிலேயே சிலர் எண்ணுகின்றனர். 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாலை மாற்றிய மணத்தையும் சட்டப்படி செல்லும் மணமாக்கிற்று. செல்லும் மணமாயின், அதை முறிக்கவும் சட்டமே வேண்டும்.

வழி இரண்டு. இருவரும் இசைந்தால் 13-ஆ பிரிவு, 1976இல் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் நீதிமன்றம் வந்து இசைவை உறுதி செய்ய வேண்டும். இடையில் ஒருவர் மனம் மாறினால் இசைவைத் திரும்பப் பெறலாம். தக்க வழக்குகளில் அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒருவர் இசையாவிடில் 13ஆம் பிரிவு. கொடுமை, பிறர்மனை உறவு, ஈராண்டு கைவிட்டிருத்தல் முதலிய காரணங்களுள் ஒன்றைக் காட்டி, சாட்சியத்தால் நிறுவ வேண்டும். அழைப்பாணை, ஆலோசகர் பேச்சு, எதிருரை, குறுக்கு விசாரணை என்று நீளும் வழி இது. விரைவில் முடியும் என்று எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மணமாகி ஓராண்டுக்குள் மனுச் செய்யப் பொதுவாக இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் தனிச் சட்டங்கள் உள.

புகுந்த ஊருக்குப் போய் வழக்காட வேண்டுமே என்று பெண் அஞ்சுவாள். அஞ்ச வேண்டியதில்லை! 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால், தான் இப்போது வாழும் ஊருக்குரிய குடும்ப நீதிமன்றத்திலேயே அவள் மனுச் செய்யலாம். அஃது இல்லாவிடத்துச் சார்பு நீதிமன்றத்தில். வழக்கு நடக்கும்போதே 24ஆம் பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம்.

வக்கீலுக்குப் பணம்? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்ணுக்கு இலவச வழக்கறிஞர் பெற உரிமையுண்டு. ஆகவே, அடுத்த முறை உங்களை அழைத்து முத்திரைத்தாளை நீட்டினால், அதில் சாட்சியாகக் கையெழுத்திடாதீர்கள். திருமண அழைப்பிதழ், புகைப்படம், பதிவுச் சான்று இருப்பின் அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி, அப்பெண்ணை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எழுதத் தெரியாதவள் எனில் வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வர்.