இரண்டு கோட்டைகளுக்கு நடுவே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பேரரசுகளும் யுத்தங்களும் உலக சரித்திரத்தை எவ்வாறு உருவாக்கின என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். ரோமாபுரியையும் நெப்போலியனையும் பற்றிப் பேசலாம் என்றே முதலில் எண்ணினேன். பின்னர் நாம் கூடியிருக்கும் இவ்விடத்தை நினைத்துப் பார்த்தேன். இலுப்பைக்கடவையிலிருந்து தெற்கே சென்று தாம்போதியைக் கடந்தால் மன்னார்க் கோட்டை. வடக்கே சென்றால் பூநகரிக் கோட்டை. இரண்டு கோட்டைகளுக்கு நடுவே வாழும் நமக்குப் பேரரசு இன்னதென்று ரோமாபுரியா வந்து சொல்லவேண்டும்?

முதலில் மாதோட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள் என்பதை இங்கே அறியாதார் இல்லை. அவ்வூர் தலம் மாத்திரமன்று, பெருந்துறைமுகமுமாகும். 1980ஆம் ஆண்டு முதல் அங்கே நடந்த அகழ்வில் சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டங்களும் ஒரே மண்ணிற் கிடைத்தன. மேற்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்த சரக்குகள் அங்கே கைமாறின. செல்வம் குவிந்த இடத்துக்குச் சேனை வராதிருக்குமா?

993ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படை இலங்கைக்கு வந்தது. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி அங்கே இராசராச ஈச்சரம் என்னும் சிவாலயத்தை எடுப்பித்தான். அதன் கல்வெட்டு இன்றும் உள்ளது. இதைக் கேட்கும்போது நமக்குப் பெருமை உண்டாகிறது. ஆனால் 1017இல் இராசேந்திரன் காலத்துச் சேனை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சென்றதையும், அவன் சோழநாட்டிலேயே சிறையில் மாண்டதையும், பௌத்த விகாரைகள் கொள்ளையிடப்பட்டனவென்று சூளவம்சம் அழுது சொல்வதையும் கூடவே கேட்கவேண்டும். நம்மவர் செய்தது என்பதற்காக ஒரு பக்கத்தை மாத்திரம் படிப்பது சரித்திரமாகாது. அந்தச் சோழப் பேரரசும் 1070இல் முதலாம் விசயபாகுவிடம் பொலனறுவையை இழந்து இத்தீவைவிட்டு நீங்கியது.

அடுத்து வந்தோர் பறங்கியர். 1544இல் மன்னாரிலே புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி கொல்லுவித்தான். அவர்களுடைய நினைவாகத் தோட்டவெளியில் ஆலயம் இருக்கிறது. 1560இல் கோவையிலிருந்த பறங்கியத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா படையெடுத்து வந்து மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினான். திருக்கேதீச்சரம் பறங்கியரால் இடிபட்டது. அதன் கற்களே மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் முடிந்தது.

பறங்கியரைத் துரத்தியோர் ஒல்லாந்தர். அவர்களுக்கு மன்னார்மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. அவர்கள் ஐரோப்பாவிலே ஸ்பானியா தேசத்து அரசனோடு நெடுங்காலம் போராடிக்கொண்டிருந்தார்கள். 1580இல் அந்த அரசனே போர்த்துக்கலுக்கும் அரசனானான். ஆகவே போர்த்துக்கலின் துறைமுகங்களெல்லாம் ஒல்லாந்தருக்குப் பகைவன் துறைமுகங்களாயின. பிறகு ஸ்பானியாவும் போர்த்துக்கலும் பிரிந்தபோதும், வியாபாரத்திற் சுவை கண்ட ஒல்லாந்தர் விடவில்லை. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்கு மாறின.

இப்போது கத்தோலிக்கர் ஓடவேண்டிய முறை வந்தது. ஒல்லாந்தரின் தடைக்கு அஞ்சி மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்தன. அதுவே மடுத் தலத்தின் தொடக்கம். சிவன் கோயிலை இடித்தவர்களின் சமயத்தார், நூறாண்டு கழியுமுன்னே தங்கள் தாயைக் காட்டிலே ஒளித்துவைக்க நேர்ந்தது. அதிகாரம் எவரிடத்தும் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஒல்லாந்தரும் போன கதையைக் கேளுங்கள். 1789இல் பாரிசு நகரத்திற் புரட்சி மூண்டது. 1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில் உறைந்த ஆறுகளைக் கடந்து பிரெஞ்சுச் சேனை ஒல்லாந்து தேசத்துக்குள் நுழைந்தது. அத்தேசத்துத் தலைவன் இங்கிலாந்துக்கு ஓடி, தன் குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்கும்படி கடிதம் எழுதினான். அவ்வாண்டு ஒக்ரோபரில் மன்னார்க் கோட்டையில் ஆங்கிலக் கொடி ஏறிற்று. 1802இல் அமியேன் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரம் பிரித்தானியருக்கு உரியதென எழுதப்பட்டது. அந்த மேசையைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவராவது மாதோட்டத்து வயலைக் கண்டவரில்லை. மாதோட்டத்து உழவனையும் எவரும் கேட்கவில்லை.

இளைஞர்களே, இதுவரை சொன்னவற்றைப் புத்தகத்திற் படிக்கலாம். இனிச் சொல்லப்போவது இம்மண்டபத்திலுள்ள பெரியோர் பட்டறிந்தது. நம் நாட்டு யுத்தமும் அதிகாரப் போட்டியே. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் மாவட்டத்து முஸ்லிம் கிராமங்கள் வெறுமையாயின. நம்மோடு ஒரே சந்தையில் நின்றவர்கள் அவர்கள். 2008இல் நம்முடைய முறை வந்தது. மடு மாதாவின் திருவுருவம் அவ்வாண்டு ஏப்பிரலில் மீண்டும் இடம்பெயர்ந்து, நம் அயலூராகிய தேவன்பிட்டியில் அடைக்கலம் புகுந்தது. ஜூலை மாதத்தில் இராணுவம் இலுப்பைக்கடவைக்கு வந்தது. நம் சனங்களோ வீட்டையும் வயலையும் வள்ளத்தையும் விட்டுக் கிழக்கு நோக்கி நடந்தார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது யார் யார் மிஞ்சினார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அதை நான் விரித்துரைக்கப் போவதில்லை.

ஒன்றை மாத்திரம் சொல்வேன். அந்த நாட்களில் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை 2011ஆம் ஆண்டு சனவரியில் அரசாங்க ஆணைக்குழுவின் முன் துணிந்து வைத்தவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. சைவர் எத்தனை, கத்தோலிக்கர் எத்தனை என்று அவர் பிரித்து எண்ணவில்லை. இதை நம் சங்கத்து இளைஞர் ஒருபோதும் மறத்தலாகாது.

அப்படியானால் சரித்திரத்தை ஏன் படிக்கவேண்டும்? பழிக்குப் பழி வாங்குவதற்கா? அவ்வாறு கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கோயிலை இடித்தவனுக்கு ஒரு கணக்கு, தோட்டவெளியிற் கொன்றவனுக்கு ஒரு கணக்கு, விகாரையைக் கொள்ளையிட்டவனுக்கு ஒரு கணக்கு என நீண்டு, கடன் தீரும் நாளே வராது. பெரும் அதிகாரம் நம் கையில் இல்லை. அது எங்கோ தீர்மானிக்கப்படுகிறது. ஆயினும் சிறிய அதிகாரம் நமக்கும் உண்டு. கோயிற் சபையிலும், மீனவர் சங்கத்திலும், பாடசாலையிலும், காணி எல்லையிலும் அது இருக்கிறது. அங்கே நம்மிலும் எளியவனை, நம் சமயத்தவனல்லாத அயலவனை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பேரரசன் செய்ததையே ஒரு சிறிய வளவுக்குள் நாமும் செய்தால், கோட்டையைக் குறைகூற நமக்கு உரிமை ஏது?

இறுதியாக ஒன்று. மன்னார்க் கோட்டை நாட்டிய மூன்று கொடிகளும் இறங்கிவிட்டன. இடிபட்ட திருக்கேதீச்சரமோ? 1872இல் ஆறுமுக நாவலர் அதை மீண்டும் எழுப்பவேண்டுமென்று சைவ மக்களை வேண்டினார். அவர் தம் வாழ்நாளில் அதைக் காணவில்லை. 1893இல் காணி வாங்கப்பட்டது. பழைய இலிங்கம் கண்டெடுக்கப்பட்டது. பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். யுத்தத்திலே வழிபாடு குலைந்த பின்னரும் மீண்டும் திருப்பணி நடந்து, 2022இல் கும்பாபிடேகம் நிறைவேறிற்று. இடித்தற்குச் சில நாள் போதும். எழுப்புதற்கு நூற்றைம்பது ஆண்டு சென்றது. அவ்வளவு காலமும் ஒரு தலைமுறை விட்ட இடத்தில் அடுத்த தலைமுறை கல்லைத் தூக்கிற்று.

உங்கள் தலைமுறையின் கல் எது என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். அது அயலவன் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்த கல்லாக மாத்திரம் இருக்கவேண்டாம்.

கேதீச்சரத்தான் திருவருள் உங்கள் எல்லோர்க்கும் துணை நிற்பதாக.