கடல் ஏறுகிறது, கணக்கை யார் கேட்பது?

(நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தண்டவாளமே இல்லாத தீவில் ரயில் டிக்கெட் போடும் குமாஸ்தாக்களுக்கு வங்கியைப் பற்றியும் இன்ஷூரன்ஸைப் பற்றியும் என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நாமும் சம்பளத்தில் பிரீமியம் கட்டுகிறவர்கள்தான். பணம் கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

2004 டிசம்பர் 26-ஐ நாம் மறக்கவில்லை. இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய கச்சால் தீவில் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கொண்டது. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் நின்றது. அது பூகம்பத்தால் வந்தது, பருவநிலை மாற்றத்தால் அல்ல. ஆனால் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனது: கடன் பத்திரத்தில் வயல் இருக்கும், தரையில் இருக்காது. அன்று அலை ஒரே நாளில் செய்ததை, இன்று சூடேறும் கடல் மெல்ல மெல்லச் செய்கிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

இதை அரசாங்கம் அறியாததல்ல. ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் இதுபற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில், பருவநிலையால் தங்கள் கடன்களுக்கு வரும் ஆபத்தை வங்கிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வரைவு விதிகளையும் வெளியிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அந்த வரைவு வணிக வங்கிகளையும் பெரிய நிதி நிறுவனங்களையும் நோக்கியது. நம் மீனவரும் சிறு கடைக்காரரும் படியேறும் சிறு சங்கங்களின் கணக்கை யார் பார்ப்பது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆபத்தை அளந்து பார்த்த வங்கி, 'கடலோரத்தானுக்குக் கடன் இல்லை' என்று கதவை மூடினால்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023-ல் ஸ்டேட் ஃபார்ம் கம்பெனி புதிய வீட்டு இன்ஷூரன்ஸ் தருவதையே நிறுத்தியது. காட்டுத்தீ ஆபத்தும் அதற்கு ஒரு காரணம். அங்கே அந்தக் கதி என்றால், பட்டா இல்லாத நிலத்தில் தகரக் கூரை போட்டிருக்கும் நமக்கு என்ன கதி? வங்கியைக் காப்பாற்றும் மேற்பார்வை மட்டும் போதாது. கடன் வாங்கியவனையும் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. சிறு கூட்டுறவு அமைப்புகளும் கண்காணிப்புக்குள் வர வேண்டும். கடலோரம் என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் கடனோ இன்ஷூரன்ஸோ மறுக்கப்படக் கூடாது. நீண்டகாலமாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. புயல், வெள்ளம், பூகம்பம், சுனாமி எல்லாம் அதில் அடங்கும். கேட்டு வாங்குங்கள். வங்கி மூழ்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. சீட்டுக் கம்பெனிக்கு அது கிடையாது. கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் நியாயம் கிடைக்காவிட்டால் கொல்கத்தாவிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம்.

பாலிசிக் காகிதத்தைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், தாய்மார்களே. அலை வந்தால் கையோடு எடுத்து ஓடும் பையில் வையுங்கள். காகிதம் கையில் இருந்தால்தான் கேள்வி வாயில் வரும். கேட்போம், கூடிக் கேட்போம்!